ஒரு கோப்பு, இரண்டு பேர்

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். காவேரியின் கையில் பாதி செதில் எடுத்த சங்கரா மீன். எதிரே மந்தைவெளிக்காரர் ஒருவர் துணிப்பையை விரித்துப் பிடித்தபடி நின்றார். தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த கைப்பேசி ஒளிர்ந்து அணைந்தது. அந்த ஒரு நொடியில் கல்லூரியின் பெயரைப் பார்த்துவிட்டாள்.

மார்க் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பதின்மூன்று நாளாக அதற்குத்தான் காத்திருந்தாள். அவசரப்படாமல் மீனை முடித்து, துண்டு போட்டு, அலசிப் பையில் கொட்டினாள். பிறகு கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள்.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருந்தது. இந்த எட்டு மாதத்தில் அப்படிப்பட்ட கடிதங்களைப் படிக்க அவள் பழகியிருந்தாள். மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும். முதல் முறை படித்தபோது தப்பாகப் படிக்கிறோம் என்று தோன்றியது. இரண்டாம் முறையும் அதேதான் இருந்தது. அவள் அனுப்பிய இறுதித் திட்டப்பணியும் இன்னொரு மாணவி அனுப்பியதும் தொண்ணூற்று நான்கு சதவிகிதம் ஒன்றாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் வீடியோ விசாரணைக்கு வர வேண்டும். ஒருவர் தவறை ஒப்புக்கொண்டால் அவர் மட்டும் நீக்கப்படுவார். யாருடையது என்று தெளிவாகாவிட்டால் இருவரும் நீக்கப்படுவார்கள். முதலில் அனுப்பியவர்தான் செய்தவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கீழே அந்த இன்னொரு மாணவியின் பெயர் இருந்தது. ஜாஸ்மின் முத்துகிருஷ்ணன்.

ஜாஸ்மின் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் முத்துவின் மனைவி. நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே லேப்டாப்.

"இன்னா காவேரி, நெத்திலி எப்டி?" என்று ஒரு பெண் குனிந்து கேட்டாள். காவேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். என்ன கேட்டாள் என்பதே மனதில் ஏறவில்லை. பக்கத்துக் கடைக்காரியிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்தப் படிப்பில் அவளைச் சேர்த்துவிட்டதே ஜாஸ்மின்தான். சாந்தோம் மாதா கோயில் பக்கத்துப் பெண். முத்துவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். அடையாறில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். ஜூன் மாதத்துக்குள் கணினிப் பயன்பாட்டில் ஓர் அறிமுகப் படிப்பாவது முடித்துச் சான்றிதழ் கொடுத்தால் நிரந்தரம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஒரு கல்லூரியின் இணையவழிப் பிரிவில் அப்படி ஒன்று இருந்தது. வகுப்பு கிடையாது, நேரம் கிடையாது. பன்னிரண்டு பாடம். எப்போது முடிகிறதோ அப்போது அடுத்ததைத் திறக்கலாம். ஆனால் எட்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

ஜாஸ்மின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது காவேரி பின்னால் நின்று பார்த்தாள். "பன்னெண்டாவது பாஸ் பண்ணவங்க யாரு வோணா சேரலாமா?" என்று கேட்டாள். ஜாஸ்மின் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். "நீயும் சேர்றியாக்கா? நாம ரெண்டு பேரும் ஒண்ணா படிக்கலாம்" என்றாள். அன்றைக்கே அவளுடைய மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்து, புகைப்படம் பிடித்து, பதிந்தும் விட்டாள். மவுசை எப்படிப் பிடிப்பது என்று காவேரியின் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டியதும் அவள்தான்.

முதல் மாதத்தோடு அந்த ஒன்றாகப் படிப்பது நின்றுவிட்டது. ஜாஸ்மின் காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறினால் திரும்ப ஆறு ஆகிவிடும். வந்ததும் படுத்துவிடுவாள். "நம்ம இஷ்டத்துக்குப் படிக்கிறதுதானேக்கா, ஞாயித்துக்கெழம ஒக்காந்து நாலு பாடத்த ஒண்ணா முடிச்சிடலாம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து துணி துவைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

காவேரிக்கு மதியம் ஒன்றரை மணிக்குச் சந்தை முடியும். குளித்துவிட்டு வந்து, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து லேப்டாப்பை இறக்கி, நாலு மணி வரைக்கும் உட்காருவாள். விரலில் மீன் வாடை போகவே போகாது. ஒரு வாரத்துக்கு ஒரு பாடம் என்றுகூட முடியவில்லை. சிலதுக்கு மூன்று வாரம் பிடித்தது. எக்செல் பாடத்தில் மட்டும் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அது அவளுக்குப் பிடித்துப்போனது. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை மாற்றினால் கீழே மொத்தமும் தானாக மாறுவதை முதல் தடவை பார்த்த அன்று, திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உலை பொங்கி அடுப்பு அணைந்தது.

இறுதித் திட்டப்பணிக்குச் சொந்தமாகச் சேகரித்த விவரம் வேண்டும், குறைந்தது முப்பது நாளுக்கு. காவேரி தன் குடியிருப்புக்கு வரும் தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து நாள், லாரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, எந்த மாடிக்கு எத்தனை குடம் போனது. சந்தைக்குப் போகும் முன் படிக்கட்டில் நின்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்து மதியம் ஏற்றுவாள், ஏற்றிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள். முடிக்க வேண்டிய நாளுக்குப் பத்து நாள் முன்பே அனுப்பியும் விட்டாள். கோப்பு லேப்டாப்பின் முகப்பிலேயே இருந்தது. அதை மறைத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய கோப்புக்கு அடுத்ததாக, ஜாஸ்மினின் பெயரில் ஒரு கோப்பு. திறந்தாள். தலைப்பு 'பள்ளித் தண்ணீர் வண்டி' என்று மாறியிருந்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி என்றிருந்த இடத்தில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. மற்றபடி ஒவ்வொரு எண்ணும் அவளுடையது. அவள் படிக்கட்டில் நின்று எண்ணிய குடங்கள், அதே வரிசையில், அதே நாளில்.

இரண்டு கோப்பிலும் உருவாக்கியவர் பெயர் என்ற இடத்தில் முத்துகிருஷ்ணன் என்றிருந்தது. லேப்டாப்பை வாங்கியது முத்து. ரிச்சி தெருவில் பழசாக வாங்கி அவன் பெயரைப் போட்டு வைத்திருந்தான். அதைக் காட்டியும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஆறு மணிக்கு ஜாஸ்மின் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே காவேரியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். லேப்டாப் திறந்திருந்தது.

"மெயில் பாத்தியா?" என்றாள் காவேரி.

"பஸ்ல பாத்தேன்."

"அப்பால?"

ஜாஸ்மின் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "ஞாயித்துக்கெழம கடைசி நாள்கா. பன்னெண்டு பாடத்துல பதினொண்ண ரெண்டு வாரத்துல எப்டியோ முடிச்சிட்டேன். இதுக்கு முப்பது நாள் வேணும்னு நான் அன்னிக்குத்தான் படிச்சேன். முப்பது நாளுக்கு நான் எங்க போறது?"

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அவங்க ஒண்ணோட ஒண்ண வெச்சிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"நான் அத கேக்கல."

ஜாஸ்மின் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை விரலால் தள்ளிக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழு மணிக்கெல்லாம் விஷயம் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமனார் அங்கமுத்து கட்டிலில் உட்கார்ந்தார். முத்து சுவரில் சாய்ந்து நின்றான். காவேரியின் புருஷன் பிரபாகர் தரையில் உட்கார்ந்து வலைக் கயிற்றின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். ஜாஸ்மின் சமையலறை வாசலில் நின்றாள். மின்னஞ்சலை முத்து தமிழில் படித்துச் சொன்னான்.

அங்கமுத்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வீட்டில் எந்தத் தீர்ப்பும் அவர் வாயிலிருந்து மெதுவாகத்தான் வரும், வந்த பிறகு மாறாது.

"எனக்குப் புரிஞ்சத சொல்றேன். ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு நின்னா ரெண்டு பேருக்கும் போச்சு. ஒருத்தி ஒத்துக்கினா இன்னொருத்தி கரையேறிடுவா. அப்டித்தானே போட்டுக்கீது?"

"ஆமா நைனா" என்றான் முத்து.

"அப்ப யாரு ஒத்துக்கறது?"

பிரபாகரைத் தவிர எல்லோரும் காவேரியைப் பார்த்தார்கள். கேள்விக்குப் பதில் ஏற்கெனவே அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதைக் காவேரி அந்தப் பார்வையில்தான் உணர்ந்தாள்.

"அண்ணி" என்றான் முத்து. "தப்பு இவ மேலதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவளுக்கு வேல போயிடும். ஒனக்கு அப்டி எதுவும் போகாது."

"எனக்குப் போறது இன்னான்னு நீ எப்டி சொல்லுவ முத்து?"

"சரி, நீயே சொல்லு" என்றார் அங்கமுத்து. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அந்தப் பேப்பர வெச்சி நீ இன்னாம்மா பண்ணப் போற?"

  எந்த அலுவலகமும் காவேரிக்காகக் காத்திருக்கவில்லை. நாளைக்கும் அவள் சந்தைக்குத்தான் போவாள். எட்டு மாதம் மதியத் தூக்கத்தை விட்டு உட்கார்ந்ததற்கு அவளிடம் சொல்லும்படியான காரணம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதை அந்த அறையில் சொல்ல முடியாது.

பிரபாகரைப் பார்த்தாள். "நீ சொல்லுய்யா."

அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி குடும்பம்" என்று ஆரம்பித்தான். அப்புறம் நிறுத்திவிட்டான். முடிச்சு ஒன்று இறுகிப்போயிருந்தது. அதைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"சரி" என்றாள் காவேரி.

வியாழக்கிழமை சந்தையில் அவள் இரண்டு முறை கையை வெட்டிக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

அன்று ஜாஸ்மின் அரை நாள் விடுப்பில் மதியமே வந்துவிட்டாள். விசாரணையில் சொல்ல வேண்டியதை லேப்டாப்பில் ஆங்கிலத்தில் தட்டி வைத்திருந்தாள். நாலே வரி. என் ஓரகத்தி வீட்டில் இல்லாதபோது அவள் கோப்பை நான் எடுத்தேன், பெயரை மாற்றி என்னுடையது என்று அனுப்பினேன், வருந்துகிறேன், எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன்.

"திக்காம சொல்லணும்கா. அவங்க சந்தேகப்படக் கூடாது."

காவேரி திரையைப் பார்த்தாள். இரண்டாவது வரியில் ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்பு நெளிகோடு ஓடியது. கை தானாகப் போய் அந்தச் சொல்லின் மேல் அழுத்தி, எழுத்துப்பிழையைத் திருத்தியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாஸ்மினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒன்ன அடுத்த தடவ நானே சேத்து விடறேன்கா. சத்தியமா."

"ரெண்டாவது பக்கம் படிச்சியா?"

"எந்த ரெண்டாவது பக்கம்?"

"அடியில இணைப்பு ஒண்ணு கீது. பொய் சொன்னது விசாரணையில நிரூபணமாச்சுன்னா மூணு வருஷத்துக்கு இந்தக் காலேஜுல எதுலயும் சேர முடியாது. தானா ஒத்துக்கினா அடுத்த பருவம் மொதல்லேந்து படிக்கலாம். ஆனா இந்தத் தப்பு நம்ம பேர்ல எப்பவும் நிக்கும். எங்க போனாலும் கேப்பாங்க."

ஜாஸ்மின் அதைப் படித்திருக்கவில்லை. இப்போதும் படிக்கவில்லை. காவேரியின் வெட்டுப்பட்ட விரலைப் பார்த்தாள். அதில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. எழுந்து போய் மருந்துப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினாள்.  காவேரி நாலு வரியையும் மனப்பாடம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகவில்லை. பத்தே முக்காலுக்கு லேப்டாப்பை மேசையில் வைத்து, மின்விசிறிச் சத்தம் கேட்கக் கூடாதென்று அதை நிறுத்தினாள். ஜாஸ்மின் பள்ளியில் பொருள்கள் வைக்கும் அறை ஒன்றில் உட்கார்ந்து கைப்பேசியிலிருந்து வருவதாக ஏற்பாடு. அங்கமுத்து கட்டிலை விட்டு நகரவில்லை. கேமராவில் படாத இடம்தான் அது. அங்கிருந்து காவேரியின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

பதினோரு மணிக்குத் திரையில் மூன்று கட்டங்கள் வந்தன. ஒன்றில் காவேரி. ஒன்றில் ஜாஸ்மின், பின்னால் அடுக்கிய வெள்ளைத்தாள் கட்டுகளோடு. மூன்றாவதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், தலையில் சாம்பல் நிற முக்காடு, மூக்குக்கண்ணாடி. பெயர் நஸ்ருன்னிசா என்று கீழே வந்தது.

"தமிழ்லயே பேசலாம். பயப்பட வேண்டாம்" என்றார் அவர். "இதைப் பதிவு பண்றோம். முதல்ல யார் பேசறீங்க?"

"நான் மேடம்" என்றாள் காவேரி.

நாலு வரியையும் சொன்னாள். தமிழில் பேசலாம் என்று சொல்லியும் மனப்பாடம் செய்த ஆங்கிலம்தான் வந்தது. திக்கவில்லை. முடித்தபோது வியர்வை கழுத்தில் இறங்கியது. அங்கமுத்து மெல்லத் தலையை ஆட்டினார்.

நஸ்ருன்னிசா எதையோ குறித்துக்கொண்டார். "சரி. அப்போ அசல் வேலை ஜாஸ்மினோடது. ஜாஸ்மின், நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆமா மேடம்" என்றாள் ஜாஸ்மின். குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"நல்லது. முடிக்கறதுக்கு முன்னாடி உங்க வேலையப் பத்தி ஒரு சந்தேகம். திருத்தும்போதே குறிச்சு வெச்சேன்." அவர் தன் திரையைப் பகிர்ந்தார். எண்களால் நிறைந்த அந்தப் பச்சைக்கோட்டுத் தாள் மூன்று கட்டங்களுக்கும் மேலே விரிந்தது. "கடைசியில நாற்பத்தஞ்சு நாளுக்கும் சராசரி எடுத்திருக்கீங்க. ஆனா பார்முலாவுக்குள்ள பத்தொன்பதாம் நாளை விட்டுட்டீங்க. ஏன்?"

ஜாஸ்மின் கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். "அன்னிக்கு ஸ்கூல் லீவு மேடம்."

"லீவுன்னா அந்த வரிசையில பூஜ்யம் இருக்கணும். இங்க நூத்திப்பத்துக் குடம் இருக்கே. மத்த எந்த நாளை விடவும் அதிகம்."

ஜாஸ்மின் அந்த வரிசையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பரவாயில்ல. இந்தப் படிப்புல நிறையப் பேர் பண்ற தப்புதான். கை தவறி ஒரு வரிசைய விட்டுடுவாங்க, கவனிக்க மாட்டாங்க. மொத்தத்துல நல்ல வேலை. இந்தத் தப்புக்கு மட்டும் பத்து மார்க் குறைக்கிறேன்."

"தப்பு இல்ல மேடம்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று காவேரிக்குத் தெரிந்தது.

நஸ்ருன்னிசா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

கட்டிலில் அங்கமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். காவேரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பாள். பார்வை திரையில் இருந்த பத்தொன்பதாம் வரிசையில் இருந்தது. அந்த நாளின் காலை வெயில், படிக்கட்டில் சாம்பிராணி வாடை, இரண்டு லாரி நின்றதில் அடைந்துபோன தெரு எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் இருந்தது.

"அன்னிக்கு ரெண்டு லாரி வந்துச்சு மேடம். ஒண்ணு எங்களுது. ரெண்டாவது, பின்னால பிளாக்குல ஒரு சாவு, அவங்க வரவழைச்சது. அவங்க சந்துல லாரி நுழையாது. அதனால எங்க வாசல்ல நிறுத்தி எங்க படிக்கட்டு அடி வழியாத்தான் பின்னால குடம் போச்சு. நான் வந்தத வந்தபடி எழுதிட்டேன். அத அழிக்கக் கூடாது, அன்னிக்கு நடந்தது அது. ஆனா சராசரியில சேத்தா எங்க பிளாக்குக்கு தினம் இவ்ளோ தண்ணி வருதுன்னு கூட்டிக் காட்டும். அது பொய். நாளைக்கு யாராவது இந்த ஷீட்ட எடுத்துப் பாத்து, ஒங்களுக்குத்தான் நெறைய வருதேன்னு ஒரு நாள் லாரிய நிறுத்திட்டா? அதனால அந்த ஒரு நாள வெளிய வெச்சேன். பார்முலாவ ரெண்டு துண்டா பிரிச்சிப் போட்டேன். கை தவறல மேடம்."

மூச்சு விடாமல் பேசியிருந்தாள்.  நிறுத்தி வைத்த மின்விசிறியின் இறக்கை காற்றில் லேசாக அசைந்தது.

நஸ்ருன்னிசா பேனாவை மூடினார். "காவேரி, இப்போதான் நீங்க காப்பி அடிச்சதா ஒத்துக்கிட்டீங்க."

"ஆமா மேடம்."

"காப்பி அடிச்சவங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

இப்போது அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் அவளை அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வழி இருக்கிறது, ஜாஸ்மின் சொல்லித் தெரியும் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வரி நாக்குக்கு வந்தது. அதைச் சொன்னால் இந்தப் பத்தொன்பதாம் நாள் ஜாஸ்மினுடையதாகிவிடும்.

"அது நான் பண்ணது மேடம்" என்றாள். "எல்லாமே நான் பண்ணது. மொதல்ல சொன்னது பொய்."

"நீங்களா ஜாஸ்மினுக்குக் கொடுத்தீங்களா? கொடுத்திருந்தா அதுவும் விதிப்படி தப்பு."

"குடுக்கல. ஒரே லேப்டாப்தான் எங்களுக்கு."

"ஜாஸ்மின்?"

ஜாஸ்மினின் கட்டம் அசைந்தது. கைப்பேசியை அவள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியதில் வெள்ளைத்தாள் கட்டுகள் மேலும் கீழுமாக ஆடின.  ஒலி வரவில்லையோ என்று நஸ்ருன்னிசா குனிந்து பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன் மேடம்" என்றாள் ஜாஸ்மின். "அக்காவ அப்டி சொல்ல வெச்சதும் நாங்கதான். அவங்களா சொல்லல."

"நாங்கன்னா?"

"வீட்டுல எல்லாரும். ஆனா கேட்டது எனக்காகத்தான்."

முடிவு திங்கட்கிழமை தெரிவிக்கப்படும் என்று சொல்லிவிட்டு அவர் அழைப்பை முடித்தார். மூன்று கட்டங்களும் மறைந்தன. அங்கமுத்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பிரபாகர் உள்ளே வந்தான். காலில் மணல் ஒட்டியிருந்தது. தண்ணீர் மொண்டு குடித்தான்.

"நீ பேசினதெல்லாம் கேட்டுச்சு" என்றான். "வாசப்படியிலதான் நின்னுக்கினு இருந்தேன்."

"ஏன் உள்ள வரல?"

"வந்திருந்தா நீ நிறுத்தியிருப்ப."

அவள் அவனைப் பார்த்தாள். புதன்கிழமை பேசியிருக்க வேண்டியவன். அதைச் சொல்லிக் காட்ட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு, சமைக்க எழுந்தாள். 

மூன்று நாள் அங்கமுத்து அவள் கையால் சோறு வாங்கவில்லை. ஜாஸ்மின் போட்டு வைத்துவிட்டுப் போனதைத்தான் சாப்பிட்டார். முத்து லேப்டாப்பை எடுத்துத் தங்கள் அறையில் வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை மின்னஞ்சலைக் காவேரி சந்தையில் கைப்பேசியில்தான் படித்தாள். அவள் தேறிவிட்டாள். பத்து மார்க் குறைக்கப்படவில்லை. ஆனால் விசாரணையில் முதலில் பொய் சொன்னதற்காக எச்சரிக்கை என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. ஜாஸ்மினின் திட்டப்பணி தள்ளுபடி. கடைசியில் தானாக ஒப்புக்கொண்டதால் அடுத்த பருவம் முதல் பாடத்திலிருந்து சேரலாம்.

பள்ளியில் ஜாஸ்மினை நிரந்தரம் செய்யவில்லை. இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தத்திலேயே இருக்கலாம், அதற்குள் முடித்துக் காட்டு என்றார்கள். வேலை போகும் என்றுதான் எல்லோரும் பயந்திருந்தார்கள். போகவில்லை என்று தெரிந்த அன்று அங்கமுத்து காவேரியைப் பார்த்து, "இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஜாஸ்மின் மட்டும் பேசாமல் இருந்தாள். ஒரே சமையலறையில் இருவரும் ஒருவரை ஒருவர் உரசாமல் விலகி விலகிப் புழங்கினார்கள். உப்பு வேண்டுமென்றால் கேட்காமல் எட்டி எடுத்துக்கொண்டார்கள். விசாரணை நாளிலிருந்து பதினாறு நாள் அப்படிப் போனது.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்த ஜாஸ்மின் உடை மாற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள். காவேரி இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பியாக்கா?"

காவேரி கையை நிறுத்தினாள். குடுத்திருப்பேன் என்று சொன்னால் இருவருக்கும் நன்றாக இருக்கும். யோசித்துப் பார்த்தாள்.

"குடுத்திருக்க மாட்டேன்."

ஜாஸ்மின் தலையசைத்தாள். "அதான் கேக்கல."

இன்னொரு மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரே குந்தி உட்கார்ந்தாள். நல்ல புடவை அழுக்காகும் என்று காவேரி சொல்ல நினைத்தாள். அதற்குள் அவள் முதல் இறாலை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் இருவரும் உரித்தார்கள்.

"மறுபடி சேந்துட்டேன்" என்றாள் ஜாஸ்மின். "நேத்து."

"லேப்டாப்பு?"

"மதியம் நீ வெச்சிக்க. ராவுல நான் எடுத்துக்கறேன். அதுல ஒனக்குன்னு தனியா ஒரு பேரு போட்டு பாஸ்வேர்டு வெச்சிடு. எப்டின்னு தெரியுமா?"

"தெரியும்" என்றாள் காவேரி. "ஒனக்கும் ஒண்ணு போட்டுடறேன்."